ஒன்றை அடிக்கவும்

விமான நிலையத்தின் மற்ற இடங்களில் ஒலிபெருக்கி ஓயாது. கடைசி அழைப்பு என்று சொல்லும், அதற்குப் பிறகும் இரண்டு தடவை கூப்பிடும். பிசினஸ் கிளாஸ் லவுஞ்சின் கண்ணாடிக் கதவு மூடியதும் அந்தக் குரல் பாதியில் அறுந்துபோகும். உள்ளே எந்த அறிவிப்பும் கிடையாது. முதல்முறை வருகிறவர்கள் சாய்வு நாற்காலியையும் சாப்பாட்டையும் எதிர்பார்த்து வருகிறார்கள், இரண்டும் இருக்கும். காபி இயந்திரம் இருக்கும், குளிப்பதற்கு அறையும் மடித்து வைத்த துண்டும் இருக்கும், யாரும் பிரிக்காத செய்தித்தாள்கள் இருக்கும். தங்களை யாரும் கூப்பிடப் போவதில்லை என்பது மட்டும் அவர்களுக்குப் புரிய நேரமாகும். சிலருக்கு விமானம் போன பிறகுதான் புரியும்.

அங்கே தூங்கிப்போகிறவர்களை எழுப்பிவிடுவது அவள் வேலை.

லவுஞ்சின் உள்கோடியில் ஜன்னல் இல்லாத அறை ஒன்று. பதினான்கு படுக்கை நாற்காலிகள், இரண்டுக்கு நடுவே இடுப்பளவுத் தடுப்பு, ஒவ்வொன்றின் கால்மாட்டிலும் ஒரு சின்ன விளக்கு. பலகையில் 'அமைதி அறை' என்று எழுதியிருந்தாலும் வேலை செய்பவர்கள் அதை இருட்டு ரூம் என்பார்கள். ஆறு வருடமாகக் காலை ஏழு முதல் மாலை நாலரை வரை அவள் அந்த இருட்டில் இருந்தாள். வயது நாற்பத்தாறு. ரப்பர் அடிப்பாகம் வைத்த செருப்பு, நடந்தால் சத்தம் வராது. அது கம்பெனி கொடுத்தது. வீட்டிலும் அதே நடை தொற்றிக்கொண்டுவிட்டது. சமையலறையில் அவள் பின்னால் வந்து நிற்பது தெரியாமல் மகள் இரண்டு தடவை தட்டைக் கீழே போட்டிருக்கிறாள்.

எழுப்புவதற்கு ஒரு முறை இருந்தது. தொடக் கூடாது. விளக்கை மெல்லக் கூட்ட வேண்டும். கால்மாட்டில்தான் நிற்க வேண்டும். தலைமாட்டில் நின்றால் கண் திறக்கிறவர் பயந்துவிடுவார். பிறகு, "உங்க ஃபிளைட் ரெடியா இருக்குங்க" என்று சொல்ல வேண்டும். 'நேரமாச்சு' என்று மட்டும் சொல்லக் கூடாது. பயிற்சி கொடுக்க வந்த அம்மாள் முதல் நாளே அதை அழுத்திச் சொல்லியிருந்தார். படுத்திருக்கிறவரிடம் போய் நேரமாச்சு என்றால் வேறு மாதிரிக் கேட்கும் என்பது அவர் கட்சி. 

எழுந்திருக்கிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் சொல்லும் முதல் வாக்கியம் ஒன்றே. "தூங்கலை, சும்மா கண்ணை மூடிட்டு இருந்தேன்." கூரை அதிரக் குறட்டை விட்டவரும் அதைத்தான் சொல்வார். சேர்ந்த புதிதில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வருவதில்லை. தூங்கினேன் என்று ஒப்புக்கொள்வதில் மனிதருக்கு என்ன கூச்சம் என்று ஒருநாள் யோசித்துப் பார்த்தாள். முன்பின் தெரியாத ஒருத்தியின் பொறுப்பில் தன்னை முழுசாக விட்டுவிட்டு இல்லாமல் போயிருந்தோம் என்பதை யார்தான் சொல்வார்கள் என்று தோன்றியது. அத்தோடு அந்த யோசனையை விட்டுவிட்டாள்.

லவுஞ்சின் சமையலறையில் சூப்பும் ரொட்டியும் கவனிப்பவரை எல்லோரும் சூப்பண்ணன் என்பார்கள். அவர்தான் அவளுக்குச் சேவல் என்று பெயர் வைத்தார். "பெட்டைக் கோழி கூவி பொழுது விடியுமான்னு கேப்பாங்க. இங்க பிசினஸ் கிளாஸுக்கே அது கூவித்தான் விடியுது," என்று முதல் வாரமே சொன்னார். அன்றிலிருந்து மேலாளர் வரைக்கும் சேவல்தான். சேவல் சாப்பிட்டாச்சா, சேவலுக்கு இன்னைக்கு லீவா. தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குகிற மாதிரி நடிக்கிறவனை எழுப்ப முடியாது என்ற பழமொழியை வருகிறவர் போகிறவரெல்லாம் அவளிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். அது தப்பு என்று அவளுக்குத் தெரியும். நடிக்கிறவர்கள்தான் விளக்கைக் கூட்டிய உடனே எழுந்துவிடுவார்கள். அவள் யாரிடமும் அதைத் திருத்தப் போகவில்லை.

எதையுமே அவள் திருத்தப் போவதில்லை என்பதை வீட்டில் ஒரு குறையாகவே சொல்வார்கள். பல் பிடுங்கிய பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுவது போல இருக்கும் அல்லவா, அவளுக்குக் கொஞ்ச காலமாக எல்லாமே அப்படி இருந்தது. பெரிய துக்கம் எதுவும் நடந்துவிடவில்லை. கணவன் ஒரு ஹோட்டலுக்கு வேன் ஓட்டுகிறவன். கூப்பிட்ட நாள் போவான், கூப்பிடாத நாள் பகலெல்லாம் படுத்திருப்பான். மகள் கல்லூரியில் கடைசி வருடம். வாடகை வீட்டில் இரண்டு அறை. அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. "அம்மா சிரிக்கணும்னா அட்டை எழுதிக் குடுக்கணும்," என்பாள் மகள். காரணம் தேடினால் கிடைத்திருக்குமோ என்னவோ. தேடுவதற்கும் கொஞ்சம் உணர்ச்சி வேண்டியிருக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரி ஒருமுறை கேட்டாள், பணக்காரர்கள் உட்காருகிற இடமாமே, உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது என்று.

"காத்துட்டு இருப்பாங்க," என்றாள் இவள்.

"அது வெளியிலயும்தானே இருக்காங்க?"

"ஆமா. இங்க மெத்தை இருக்கு."

அட்டை என்று மகள் கேலி செய்தது இருட்டு ரூம் அட்டையை. படுக்க வருகிறவரிடம் அவள் ஓர் அட்டையும் பென்சிலும் கொடுப்பாள். இருக்கை எண், விமானம் புறப்படும் நேரம். அதற்குக் கீழே இரண்டு வரி. முதல் வரி: 'எழுப்ப: வேண்டும் / வேண்டாம்'. இரண்டாவது வரி: 'குடிக்க: வெந்நீர் / குளிர்ந்த நீர்'. எல்லாவற்றுக்கும் கீழே அடைப்புக்குறிக்குள், 'ஒன்றை அடிக்கவும்'. வாசகம் மேலாளருடையது. மூன்று வருடத்துக்கு முன்னால் அவரே உட்கார்ந்து எழுதி, அச்சுக்குக் கொடுத்து, வந்த அன்று எல்லோருக்கும் காட்டினார்.

வேண்டியதை அடிப்பதா, வேண்டாததை அடிப்பதா என்று அட்டை சொல்லவில்லை. டிக் அடிப்பதும் அடிதான், கோடு போட்டு அடித்துவிடுவதும் அடிதான். ஆனால் மூன்று வருடமாகப் பெரிய குழப்பம் எதுவும் வரவில்லை, ஏனென்றால் கை பேசிவிடும். டிக் என்றால் முழங்கை மாதிரி ஒரு மடிப்பு இருக்கும். அடித்துவிடுகிறவர் வார்த்தையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இழுப்பார். ஒன்றிரண்டு பேர் இரண்டு வார்த்தைக்கும் நடுவில் கோடு போட்டுக் கொடுப்பார்கள். அவர்களிடம் கேட்டுக்கொள்வாள்.

ஒரு பெரியவர் போட்ட கோடு அவளைக் குழப்புவதற்கு ஒரு மாதம் முன்பு அவளுக்கு ஒரு மெமோ வந்திருந்தது. ஒரு பெண் பயணி 'வேண்டாம்' என்பதில் மடிப்போடு அழகாக டிக் போட்டுவிட்டுத் தூங்கினார். அட்டையில் எழுதிய விமானம் கிளம்ப அரைமணி இருக்கும்போது அவளுக்கு மனசு கேட்கவில்லை, எழுப்பிவிட்டாள். அந்த அம்மாள் அடுத்த விமானத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தவர். இரண்டு நாளாகத் தூங்காதவர். கத்தவில்லை, உட்கார்ந்து அழுதார், பிறகு புகார் எழுதினார். மேலாளர் அவளைக் கூப்பிட்டு, "அட்டையில என்ன இருக்கோ அதை மட்டும் செய்மா. உன் மனசுல இருக்கறதை இல்ல," என்றார். இன்னொரு புகார் வந்தால் ஆள் அனுப்பும் கம்பெனி பெயரை எடுத்துவிடும் என்றும் சொன்னார். நியாயம்தான் என்று கையெழுத்துப் போட்டாள். மனசில் இருப்பதைச் செய்யாமல் இருப்பது அவளுக்கு ஒன்றும் கஷ்டமாக இல்லை. அங்கே அதிகம் எதுவும் இருக்கவில்லை.

பெரியவர் வந்தது ஒரு மத்தியானம். எழுபதுக்குப் பக்கத்தில் வயது. பழக்கமில்லாத இடம் என்பது அவர் துணிப்பையை மார்போடு பிடித்திருந்ததில் தெரிந்தது. ஒன்பதாம் எண்ணில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி இரண்டையும் ஒட்டி வைத்தார். கண்ணாடியை மடித்து வலது ஷூவுக்குள் போட்டார். பிறகு அட்டையை வாங்கி, கண்ணாடி இல்லாமலே, கையைத் தூரமாக நீட்டி வைத்துக்கொண்டு எழுதினார். விமானம் மூன்று இருபது. 'வேண்டாம்' மேல் சாய்வாக ஒரு சின்னக் கோடு. 'வெந்நீர்' மேல் சாய்வாக இன்னொரு சின்னக் கோடு. மடிப்பு இல்லை. முனையிலிருந்து முனைவரைக்கும் இல்லை. மழைத்தூறல் விழுந்த மாதிரி இரண்டு கோடுகள்.

அவள் வாசலுக்கு வந்துதான் அட்டையைப் பார்த்தாள். வயதானவர்கள் வெந்நீர்தான் கேட்பார்கள். மூடி போட்ட கோப்பையில் வெந்நீர் கொண்டுபோய் வைத்தாள். அவர் கண்மேல் கையை மடித்து வைத்துப் படுத்திருந்தார். வரவேற்பு மேசையில் ஆள் இல்லை என்று அவளைக் கூப்பிட்டார்கள். இருபது நிமிடம் அங்கே நின்றுவிட்டு வந்தாள்.

இரண்டரைக்கு ஒன்பதாம் எண்ணின் கால்மாட்டுக்குப் போனாள். அந்த நேரத்தில் இருட்டு ரூமில் அவர் ஒருவர்தான். அட்டையை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். முதலில் தண்ணீர் வரியை ஒருவிதமாகப் படித்தாகிவிட்டது. ஒரு வரியைப் படித்தபின் மற்ற வரி தானாக அந்தப் பக்கமே சாய்ந்துவிடுகிறது. வெந்நீர் டிக் என்றால் வேண்டாமும் டிக். ஆனாலும் நின்றாள். கேட்டுவிடலாம். எழுப்பட்டுமா என்று கேட்பதற்கே எழுப்பியாக வேண்டும். எழுப்பிய பிறகு அந்தக் கேள்விக்கு அர்த்தம் இல்லை. விளக்கைப் பாதி கூட்டினாள். அவர் அசையவில்லை. தரையில், அவருடைய ஷூவுக்குப் பக்கத்தில், காலித் தண்ணீர் பாட்டில் ஒன்று கிடந்தது. காலிப் பாட்டில் கண்ணில் பட்டால் எடுக்க வேண்டும் என்பதும் விதி. குனிந்து எடுத்தாள். கையில் ஈரமாகச் சில்லென்று இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். மெமோ ஞாபகம் வந்தது. விளக்கைக் குறைத்துவிட்டு வெளியே வந்து பாட்டிலைக் குப்பைக் கூடையில் போட்டாள்.

மூன்று ஐம்பதுக்கு அவரே எழுந்தார். சுவர்க் கடிகாரத்தை வெகுநேரம் பார்த்தார்.

"எழுப்பலையாம்மா?"

அவள் அட்டையை நீட்டினாள். அவர் ஷூவிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நான் அடிச்சேனே," என்றார்.

"ஆமாங்க. அடிச்சிருக்கீங்க."

இரண்டு பேரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். அவர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். ஷூ மாட்டும்போது இடது காலில் வலது ஷூவைப் போட்டுவிட்டு, கழற்றி, மாற்றிப் போட்டார். பையை மார்போடு பிடித்துக்கொண்டு கண்ணாடிக் கதவைத் தாண்டிப் போனார்.

நாற்காலியைச் சுத்தம் செய்யும்போது கோப்பையை எடுத்தாள். மூடி திறக்கப்படவே இல்லை. விளிம்புவரை தண்ணீர் இருந்தது, ஆறிப்போய். தொட்டியில் கொட்டினாள்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில்தான் அது வந்தது. திகைப்பாகக்கூட வரவில்லை, ஒரு கணக்கின் விடை மாதிரி வந்தது. அவர் வெந்நீரைத் தொடவில்லை. எழுந்துபோய், அந்த இடம் தெரியாதவர், குளிர்பெட்டி எங்கே என்று தேடி, குளிர்ந்த பாட்டில் ஒன்றை எடுத்துவந்து குடித்துவிட்டுத் திரும்பப் படுத்திருக்கிறார். அவர் போட்டது டிக் இல்லை. வேண்டாததைத்தான் அடித்திருக்கிறார். வெந்நீர் வேண்டாம். வேண்டாம் என்பதும் வேண்டாம். அவள் அவர் கால்மாட்டில் நின்று அந்தக் கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று யோசித்துக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அர்த்தம் அவள் கையில் சில்லென்று இருந்திருக்கிறது.

ஒன்பது நாள் கழித்துக் கடிதம் வந்தது. கோடு போட்ட தாளில் கையெழுத்தில் அரைப் பக்கம். வந்த மூன்றாம் நாள் மேலாளர் அவளை உட்காரச் சொல்லிவிட்டு அதைப் படித்துக் காட்டினார்.

அன்று தன் அண்ணனைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்ததாகப் பெரியவர் எழுதியிருந்தார். அண்ணன் ஆஸ்பத்திரியில் இருந்தார். அடுத்த விமானம் மறுநாள் காலையில்தான். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நஷ்டஈடு எதுவும் வேண்டாம், டிக்கெட்டே மகன் எடுத்துக் கொடுத்ததுதான் என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகு: 'எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். நான் தப்பாக அடித்தேனா, நான் சரியாக அடித்ததை அங்கே தப்பாகப் படித்தார்களா? அன்று எனக்கு மனம் சரியில்லை. கோடு போட்டது ஞாபகம் இருக்கிறது, எதற்குப் போட்டேன் என்று ஞாபகம் இல்லை. தப்பு என்னுடையது என்றால் அதையும் மறைக்காமல் எழுதிவிடுங்கள். எப்படியும் தெரிந்துகொள்ள வேண்டும்.'

மேலாளர் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். கெட்டவர் இல்லை, ஆனால் வாசகம் அவருடையது. இரண்டு நாளாக அந்த அட்டையோடு உட்கார்ந்து ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார், அந்தச் சந்தோஷம் முகத்தில் இருந்தது.

"ரெண்டு கோடும் ஒரே மாதிரி இருக்கு பாத்தியா? ஒண்ணு டிக்னா இன்னொண்ணும் டிக். வெந்நீர் வச்சேல்ல?"

"வச்சேன் சார்."

"குடிச்சாரா?"

அவள் மேசைமேல் இருந்த அட்டையைப் பார்த்தாள்.

"குடிச்சிருந்தா விஷயம் முடிஞ்சுதும்மா. அவருக்கு அடிக்கறதுன்னா டிக். எழுப்ப வேண்டாம்னு அவரே சொல்லிட்டாரு, நாம எழுப்பலை. உன்மேலயும் தப்பில்ல, அட்டைமேலயும் தப்பில்ல."

இருட்டு ரூமில் கேமரா கிடையாது. தூங்குகிறவர்களைப் படம் பிடிக்கக் கூடாது என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்திருந்தார்கள். கோப்பையைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். மறுநாள் எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

சமையலறையில் செய்தி அதற்குள் வந்து உட்கார்ந்திருந்தது. சூப்பண்ணன் அகப்பையைக் கீழே வைக்காமலே சொன்னார்: "போன மாசம் கூவினே, அடி. இந்த மாசம் கூவலை, அடி. சேவல் வாழ்க்கையே ஒன்றை அடிக்கவும்தான்." அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவளுக்கு ஒரு கிண்ணம் சூப் ஊற்றி வைத்தார். அது பயணிகளுக்கானது, அவர் அப்படிச் செய்கிற ஆள் இல்லை. அவள் பாதி குடித்தாள்.

கணவன் அன்று சாயங்காலம் வீட்டில்தான் இருந்தான். அவள் சொன்னதைப் படுத்துக்கொண்டே கேட்டான். இதிலே யோசிக்க என்ன இருக்கிறது, குடித்தார் என்று எழுதிக் கொடுத்துவிடு என்றான். வேன் சவாரி மாதத்தில் பத்து நாள் வந்தால் பெரிது, வீடு நிற்பது அவள் சம்பளத்தில் என்பதை அவன் சொல்லவில்லை, சொல்லத் தேவையில்லை.

"வெந்நீர் என்ன விஷமா? குடிச்சாருன்னா அந்த மனுஷனுக்கு என்ன ஆயிடப் போகுது?"

"அவருதான் தப்பா அடிச்சாருன்னு ஆயிடும்."

"ஆகட்டுமே. எழுபது வயசு. இன்னும் எத்தனை நாளைக்கு நெனச்சுட்டு இருக்கப் போறாரு?"

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவன், "யாரைப் பாக்கப் போனாருன்னு சொன்னே?" என்று கேட்டான். அண்ணனை என்றாள். அவனுக்கும் ஓர் அண்ணன் உண்டு. வீடு பிரித்ததில் பேச்சு நின்று நாலு வருடம் ஆகிறது. அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். "உன் இஷ்டம்," என்றான். அதற்குப் பிறகு அவன் மூச்சு தூங்குகிறவன் மூச்சாக இல்லை. அவளுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

மகளிடம் ஒரு வெள்ளைத் தாள் கேட்டாள். மகள் நோட்டிலிருந்து கிழித்துக் கொடுத்துவிட்டு, அம்மா எழுதுவதைத் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். ஆறு வரி. எழுத்துப் பிழை ஒன்றைக் காட்டினாள்.

மறுநாள் பகலில் மேலாளர் அதைப் படித்தார். மூடி திறக்காத கோப்பை, ஷூ பக்கத்தில் கிடந்த காலிப் பாட்டில், தான் அதை எடுத்த நேரம் இரண்டு முப்பது. எல்லாம் இருந்தது. திரும்ப ஒரு முறை படித்தார்.

"பாட்டில் வேற யாரோடதாவது இருக்கலாமே?"

"அன்னிக்கு அங்க அவரு ஒருத்தருதான் சார்."

"இதக் குடுத்தா கம்பெனி உன்னை வச்சுக்காதும்மா. ஏற்கனவே ஒரு மெமோ இருக்கு. தெரியும்ல?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா எழுதினே?"

அவள் பதிலைத் தேடினாள். துணிச்சல் என்று எதுவும் அகப்படவில்லை. பெரியவர்மேல் பெரிய இரக்கமும் இருந்ததாகச் சொல்ல முடியாது. அவர் முகமே பாதி மறந்திருந்தது. கையில் சில்லென்று இருந்தது மட்டும் மறக்கவில்லை. கொஞ்ச காலமாக அவள் உடம்பு உணர்ந்த ஒரே விஷயம் அதுதான். அதை இல்லை என்று எழுத வரவில்லை.

"பாட்டில் என் கையிலதான் சார் இருந்துச்சு," என்றாள்.

மேலாளர் கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு பதில் கடிதத்தைத் தட்டினார். 'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றோம். விசாரணையில், பணியில் இருந்த ஊழியரின் கவனக்குறைவால் இந்நிகழ்வு ஏற்பட்டதாகத் தெரியவருகிறது. வருந்துகிறோம்.' அட்டையைப் பற்றி எதுவும் இல்லை. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். அவள் படித்தாள்.

"இன்னொரு வரி சேக்கணும் சார். வெந்நீர் மூடி தொறக்காம இருந்துச்சு, குளிர்ந்த தண்ணி பாட்டில் காலியா இருந்துச்சுன்னு."

"அது எதுக்கு? தப்பு நம்மளதுன்னுதான் எழுதிட்டேனே."

"அப்படி எல்லாருக்கும்தான் எழுதுவோம் சார். அவரு நம்ப மாட்டாரு. தண்ணியைச் சொன்னா அவருக்கே ஞாபகம் வந்துடும்."

மேலாளர் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு சேர்த்தார். அலுவலக நடையில்தான் வந்தது: 'தங்களுக்கு வைக்கப்பட்ட வெந்நீர் அருந்தப்படவில்லை என்பதும், தாங்கள் குளிர்ந்த நீரை அருந்தியிருந்தீர்கள் என்பதும் தெரியவருகிறது. எனவே தாங்கள் அடித்தது சரியே.' கடைசி வாக்கியம் அவராகப் போட்டது. அவள் கையெழுத்திட்டாள். அடையாள அட்டையையும் ரப்பர் செருப்பையும் மேசையில் வைத்தாள். செருப்பு வேண்டாம், எடுத்துட்டுப் போ என்றார். அவள் வைத்துவிட்டுப் போனாள்.

வெளியே வரும்போது வரவேற்பு மேசையில் புது அட்டைகள் கட்டாக இருந்தன. அன்று காலைதான் அச்சிலிருந்து வந்தவை. 'வேண்டியதை வட்டமிடவும்' என்று திருத்தியிருந்தார்கள். இனி ஒன்றும் குழப்பம் வராது என்றாள் மேசையில் இருந்தவள். அவள் தலையாட்டினாள். இரண்டையும் சேர்த்து ஒரே வட்டம் போடுகிறவர் எப்படியும் ஒரு நாள் வருவார் என்று நினைத்துக்கொண்டாள்.

கண்ணாடிக் கதவைத் தாண்டியதும் ஒலிபெருக்கி யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. நிறுத்தத்தில் பஸ் காலியாக நின்றது. ஆறு வருடத்தில் இவ்வளவு வெளிச்சத்தில் அவள் வீடு திரும்பியதில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவள் பஸ்ஸில் தூங்குகிறவள் இல்லை. நிறுத்தங்களை எண்ணிக்கொண்டே போகிறவள். இறங்கியதும் வீட்டில் என்ன சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்தாள். நாலாவது நிறுத்தம்வரை எண்ணியது ஞாபகம் இருந்தது.

யாரோ தோளைத் தொட்டு உலுக்கினார்கள். நேர் முன்னால், முகத்துக்கு வெகு பக்கத்தில், ஒரு பெண். கையில் காய்கறிப் பை. பஸ்ஸில் வேறு யாரும் இல்லை. டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கீழே நின்றிருந்தார்.

"அம்மா, கடைசி ஸ்டாப்பு வந்துடுச்சு. நேரமாச்சு, எறங்குங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இறங்க வேண்டிய இடம் எப்போதோ போயிருந்தது.

"தூங்கலை," என்றாள். "சும்மா கண்ணை மூடிட்டு இருந்தேன்."